திரும்பும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நான்குவழிச் சாலையில் மாதக்கணக்காக எந்தக் குறையும் காட்டாமல் ஓடிய என் பழைய ஹேட்ச்பேக் கார், அந்தப் பாதையின் நான்காவது வளைவிலேயே ஸ்டீயரிங் வழியாக என் கையை வெடவெடக்கச் செய்தது. வளைவு முடிந்து வண்டி நேரானதும் நடுக்கம் நின்றுவிடும். அடுத்த வளைவில் மீண்டும் வரும். ஊர் திரும்பியதும் வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்தேன். குறை தீராததால் வேறொரு கடையில் மறுபடியும் அதையே செய்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக்தான் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து வைத்து, சக்கரத்தின் பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்து, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலின் ரப்பர் பூட் (மடிப்பு உறை) கிழிந்து கிரீஸ் முழுவதும் வெளியே சிதறியிருப்பதைக் காட்டினார். இரண்டு கடைகளிலும் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர்களின் கைக்கு ஒரு சாண் தொலைவில்தான் அந்தக் கிழிசல் இருந்திருக்கிறது.

பேலன்சிங் செய்தவர்களை இதில் பெரிதாகக் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் ஸ்டீயரிங் ஆடுகிறது என்று சொன்னாலே பெரும்பாலான கடைகளில் முதலில் செய்வது அதுதான். ஆனால் சக்கரத்தின் எடை ஒருபக்கம் கூடியிருப்பதால் வரும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது எவ்வளவு இருக்கிறதோ, அதில் 25-இல் ஒரு பங்குதான் 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆகவே பேலன்சிங் குறைபாடு பெரும்பாலும் 80-க்கு மேல், நேரான சாலையில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். நேரே போகும்போது அமைதியாக இருந்து, திரும்பும்போது மட்டும் நடுங்கும் வண்டியில் தேட வேண்டிய இடங்கள் வேறு.

தேடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நடுக்கம் எந்தச் சூழ்நிலையில் வருகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வருகிறதா, அல்லது ஓடும்போது மட்டுமா? ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுகிறதா, காலை எடுத்தால் குறைகிறதா? இடப்பக்கம் திரும்பும்போது மட்டுமா, இரு பக்கமுமா? பிரேக் பிடித்தால் மட்டுமா? இவற்றுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச்செல்வது நல்லது, ஏனென்றால் மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நடுக்கம் வராமல் போவது வழக்கம்.

விடைகளைப் பெற, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு திடலுக்கோ காலி மனைப் பகுதிக்கோ காரை ஓட்டிச்செல்லுங்கள். முதலில் எஞ்சின் ஓடட்டும், வண்டி நிற்கட்டும். ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். இதில் நடுக்கமோ, தட்டுத் தட்டாக விட்டுவிட்டு நகரும் உணர்வோ இருந்தால் குறை பவர் ஸ்டீயரிங்கிலோ, ஷாக் அப்சார்பரின் மேல்முனைப் பேரிங்கிலோ, ஸ்டீயரிங் தண்டிலுள்ள இணைப்பிலோ இருக்கக்கூடும். சக்கரம் சுழலாததால் ஆக்சில், வீல் பேரிங் ஆகியவற்றை இந்தக் கட்டத்திலேயே ஓரளவு ஒதுக்கிவிடலாம்.

அடுத்ததாக, முதல் கியரில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை ஏறத்தாழ முழுவதும் ஒடித்து இடப்பக்கமாக இரண்டு வட்டம், வலப்பக்கமாக இரண்டு வட்டம் சுற்றுங்கள். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடி ஒரு சுற்று, பின்பு கிளட்சை மிதித்து வண்டியைத் தானாக உருளவிட்டு அரைச் சுற்று. எஞ்சினின் இழுவை இருக்கும்போது நடுங்கி, கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால் அது பெரும்பாலும் ஆக்சில். இழுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் டயர், பேரிங், சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்மின் இணைப்புகள் என்ற திசையில் போக வேண்டும். இந்த ஒரு சோதனை, எந்தக் கருவியும் இல்லாமல், சந்தேகப் பட்டியலை இரண்டாக வெட்டித் தந்துவிடுகிறது.

கடைசியாக, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்தில் மிக மென்மையாக இடமும் வலமும் சாய்த்து ஓட்டுங்கள். விமான இரைச்சல் போன்ற ஒரு முனகல் ஒரு பக்கம் சாயும்போது கூடி, மறுபக்கம் சாயும்போது குறைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்வதால், இடப்பக்கத் திருப்பத்தில் இரைச்சல் கூடுமானால் வலப்பக்கப் பேரிங் பழுதாகியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

டயரும் நட்டும்

ஜாக்கியை எடுப்பதற்கு முன் டயரைப் பார்த்துவிட வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்று இருக்கிறதா என்று டயர் சூடாகாத நிலையில் சோதியுங்கள். முன்டயர்களின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உள்பக்கச் சுவரை மறக்கக் கூடாது, அதற்காகத்தான் ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பள்ளத்தில் மோதியதால் உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தால், திருப்பத்தில் எடை அந்தப் பக்கம் சாயும்போது நடுக்கம் தெரியும். அப்படிப்பட்ட டயரை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்த வழியில்லை; ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதே முறை.

டயரில் சாலையைத் தொடும் பட்டைப் பகுதியைக் குறுக்காகத் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப்பல் போலவும் தட்டுப்பட்டால், டோ அளவு, அதாவது மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்முனைகள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கிறது. இங்கே அலைன்மென்ட் தேவைதான். ஆனால் அலைன்மென்ட் செய்ததும் நடுக்கம் உடனே போய்விடாது, ஏனென்றால் பல்லாகத் தேய்ந்த ரப்பர் அப்படியேதான் இருக்கும். காடிகளின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். பட்டை அந்த மேட்டளவுக்குத் தேய்ந்திருந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைக் காட்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடாமல் வெயிலில் நின்ற வண்டிகளில் பட்டை ஆழமாக இருந்தும் ரப்பர் விறைத்துப் போயிருக்கும்.

அழகுக்காக அகலமான டயர் மாட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் மட்டும் உறுமலோடு நடுங்குகிறது என்றால், டயர் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசிய இடம் பளபளப்பாகத் தெரியும். இதற்குப் பழைய அளவு டயருக்குத் திரும்புவதைத் தவிர நேர்மையான தீர்வு கிடையாது.

சக்கர நட்டுகளை எல்லாரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பஞ்சர் ஒட்டிய மறுநாளிலிருந்து நடுக்கம் தொடங்கியிருந்தால் முதலில் அதையே பாருங்கள். எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். சிறிய கார்களுக்கு இறுக்க அளவு பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும் என்றாலும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் செல்லும். ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதிக்கும் வழக்கம் போல்ட்டின் மறையைக் கெடுத்துவிடும்.

ஆக்சில்

முன்சக்கர இழுவைக் கார்களில், அதாவது நம் தெருக்களில் ஓடும் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளிலும் சிறிய செடான்களிலும், இழுப்பதும் திரும்புவதும் ஒரே சக்கரம். சுழற்சியை இடையறாமல் கடத்திக்கொண்டே சக்கரம் 40 டிகிரிக்கு மேல் ஒடியவும் வேண்டும் என்ற கடினமான வேலையைச் செய்வது ஆக்சிலின் வெளிமுனையில் உள்ள சிவி ஜாயின்ட். ஒரு கிண்ணத்துக்குள் ஆறு எஃகுக் குண்டுகள் தத்தம் காடிகளில் உருளும்படி அமைந்த இணைப்பு அது. அதைச் சூழ்ந்திருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் கிரீஸை உள்ளே தாங்குகிறது. பூட் கிழிந்தால் சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசப்படும். மணலும் நீரும் உள்ளே புகும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் காடிகளில் குழி விழுந்துவிடும். சக்கரம் நேராக இருக்கும்போது குண்டுகள் காடியின் நடுவில் ஏறத்தாழ அசையாமல் இருக்கும். ஒடிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் ஓடும். குழிக்குள் இறங்கி ஏறும் அந்த ஓட்டம்தான் ‘டக் டக்’ என்ற ஒலியாகவும், தேய்மானம் முற்றியபின் கையில் நடுக்கமாகவும் வெளிப்படுகிறது.

அடையாளம் எளிது. சக்கரத்தின் உள்பக்க ரிம்மிலும் அருகிலுள்ள பிரேக் பாகங்களிலும் கருப்பான கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கும். எந்தப் பக்க ஜாயின்ட் என்பதைத் திரும்பும் திசையை வைத்து மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். திருப்பத்தின் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை அதிகம், உள்பக்கச் சக்கரத்துக்கு ஒடிப்பு அதிகம் என்பதால் இரண்டில் எதுவும் ஒலிக்கலாம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பாதுகாப்பான தூரத்தில் வெளியே நின்று கேட்பதும், பூட்டைக் கண்ணால் பார்ப்பதும்தான் நம்பகமானவை.

கிழிசலை ஒலி வருவதற்கு முன்பே கண்டுபிடித்தால் ஜாயின்ட்டைக் கழுவி, மாலிப்டினம் டைசல்பைடு கலந்த சிவி கிரீஸை நிரப்பி, புதிய பூட் போட்டால் போதும். ஒலி தொடங்கிவிட்டால் கிரீஸ் நிரப்பிப் பயனில்லை. ஜாயின்ட்டையோ முழு ஆக்சிலையோ மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. ஆக்சிலைக் கியர்பாக்ஸிலிருந்து உருவும்போது கியர் ஆயில் வழியும். ஆகவே ஆயில் சீலைப் பார்த்து, வேலை முடிந்ததும் ஆயில் அளவைச் சரிசெய்ய வேண்டும். சக்கரம் மாட்டப்படும் ஹப்பின் நடுவிலுள்ள பெரிய நட்டைப் புதிதாகப் போட்டு, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச்சால்தான் இறுக்க வேண்டும், ஏனென்றால் பல வண்டிகளில் வீல் பேரிங்கின் அழுத்தத்தைத் தீர்மானிப்பதே அந்த நட்டுதான். அது இறுகாத நிலையில் வண்டியைத் தரையில் உருட்டக் கூடாது. மூன்றாவது, மலிவான ஆக்சில்களில் புதியதே நடுங்கும். மாற்றிய பிறகு முன்பு இல்லாத இடத்தில், குறிப்பாக நேரே வேகமெடுக்கும்போது, நடுக்கம் வந்தால் புதிய பாகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்; உள்முனையில் இருக்கும் மூன்று உருளை ஜாயின்ட்டின் குறை அப்படித்தான் தெரியும்.

ஜாக்கி போட்டுப் பார்க்க வேண்டியவை

சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டின் மேல் உட்காரவைத்த பிறகே கை வைக்க வேண்டும். வண்டியோடு தரப்படும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது.

டயரைக் கடிகாரமாக எண்ணிக்கொண்டு 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ‘டொக்’ என்ற ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவோ, கீழே சக்கரப் பகுதியை லோயர் ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டாகவோ இருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கட்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயின்ட். அடுத்து 9 மணி, 3 மணி இடங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வு தெரிந்தால், சக்கரத்தைத் திருப்பும் தண்டின் வெளிமுனையான டை ராட் எண்ட் அல்லது அதன் உள்முனையான ரேக் எண்ட். ஆட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரல் வைத்தால் எது தட்டுகிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

பால் ஜாயின்ட்டில் தெளிவான ஆட்டம் இருந்தால் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. அது கழன்றால் சக்கரம் ஒருபக்கமாக மடிந்துவிடும். அது பெரும்பாலும் ஸ்டீயரிங்கை ஒடிக்கும் நேரத்திலேயே நடக்கும். இந்த வழிகாட்டியில் தள்ளிப்போட இடமே இல்லாத குறைகள் மூன்று: பால் ஜாயின்ட் ஆட்டம், புடைத்த டயர், தளர்ந்த நட்டு.

லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களை, குறிப்பாகப் பின்பக்கத்தில் உள்ள பெரிய புஷ்ஷை, ஒரு சிறு நெம்புகோல் கொண்டு அழுத்திப் பாருங்கள். வேகத்தடைகளில் ஏறி இறங்கும் நம் வண்டிகளில் முதலில் கிழிவது பெரும்பாலும் இதுதான். கிழிந்தால், திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கும்போது லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து ஸ்டீயரிங்கை உதறச் செய்யும். இதை மாற்றுவதில் பல பட்டறைகள் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. புஷ் வழியாகச் செல்லும் போல்ட்டை, வண்டி அந்தரத்தில் தூக்கியிருக்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. லோயர் ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் அமர்ந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருக்கும். புதிய புஷ் சில மாதங்களிலேயே மீண்டும் கிழியும். போல்ட்டைக் கையளவு இறுக்கி, வண்டியை நான்கு சக்கரத்திலும் தரையில் நிறுத்தியபின், அல்லது லோயர் ஆர்மைக் கீழிருந்து ஜாக்கியால் அதே உயரத்துக்குத் தூக்கியபின், கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். ‘போன வருஷம்தானே மாற்றினோம்’ என்று புலம்பும் பலரின் குறை பாகத்தில் இல்லை, இந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

டை ராட் எண்ட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று சுற்றினால் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் மாட்டினால் பட்டறையிலிருந்து அலைன்மென்ட் கடை வரை ஓட்டிச்செல்லும் அளவுக்குச் சக்கரம் நேராக இருக்கும். அதன் பிறகு அலைன்மென்ட் கட்டாயம். வீல் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். அடியின் அதிர்ச்சியில் பேரிங்கின் ஓடுதளத்தில் பள்ளம் விழுந்து, அது முதல் நாளிலேயே இரையத் தொடங்கும். ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறை வேண்டும்.

ஸ்ட்ரட்டின் மேல்முனை

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள்வில்லும் (இரண்டும் சேர்ந்த அமைப்பே ஸ்ட்ரட்) சேர்ந்தே திரும்புகின்றன. அவை வழுக்கித் திரும்ப மேலே ஒரு தட்டையான பேரிங் உண்டு. தூசியும் துருவும் ஏறி அது இறுகிவிட்டால், வில் உடனே திரும்பாமல் முறுக்கேறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபடும். நின்ற இடத்தில் திருப்பும்போது ‘டொங்’ என்ற ஒலியும், ஸ்டீயரிங்கில் ஒரு துள்ளலும் வந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் சோம்பலாக இருப்பதும் இதற்கு ஓர் அடையாளம். உறுதிசெய்ய, வண்டி தரையில் நிற்கும்போது ஒருவர் திருப்ப, மற்றவர் வில்லின் வெளிப்புறத்தில் விரல்நுனியை மட்டும் வைத்துப் பார்க்கலாம். சீராகத் திரும்பாமல் வில் குதிப்பது தெளிவாகத் தெரியும். சுருள்களுக்கு இடையில் விரலை விடக் கூடாது. இந்தப் பாகத்தை வீட்டில் மாற்ற முயலவும் வேண்டாம்: அமுக்கப்பட்ட சுருள்வில்லில் தேங்கியிருக்கும் விசை, உரிய கருவி இல்லாமல் நட்டைக் கழற்றுபவரைக் கொல்லும் அளவுக்குப் பெரியது.

பவர் ஸ்டீயரிங்

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையா, மின் மோட்டாரால் இயங்கும் வகையா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பானெட்டைத் திறந்தால் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுள்ள சிறு எண்ணெய்க் கிண்ணம் இருந்தால் அது எண்ணெய் வகை. இப்போதைய சிறிய கார்கள் பெரும்பாலும் மின் வகை.

எண்ணெய் வகையில் அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். நின்ற இடத்தில் திருப்பும்போது முனகலும் நடுக்கமும் வரும். கிண்ணத்தில் எண்ணெய் நுரைத்தோ பால் கலந்ததுபோலவோ இருந்தால் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். மூடியிலோ கையேட்டிலோ குறிப்பிட்ட எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். சில வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், சிலவற்றுக்கு அதற்கென்றே தனி எண்ணெய், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெடும். காற்றை வெளியேற்ற, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை இயக்காமல், ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை திருப்புங்கள். அளவு இறங்க இறங்க எண்ணெய் சேருங்கள். குமிழி வருவது நின்றபின் எஞ்சினை இயக்கி மீண்டும் சிலமுறை திருப்பிப் பாருங்கள். எண்ணெய் எங்கே போனது என்று தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டமான ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகளைப் பிதுக்கிப் பார்த்தால், உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்பது தெரியும். பெல்ட் தளர்ந்திருந்தால் திருப்பும்போது கிரீச்சிடலோடு ஸ்டீயரிங் விட்டுவிட்டு உதறும். முழுக்கோடியில் பிடித்து வைத்தால் வரும் உறுமல் மட்டும் குறையல்ல, அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறப்பதன் ஒலி அது. ஆனாலும் சில நொடிகளுக்கு மேல் அப்படிப் பிடித்து வைப்பது பம்பைச் சூடாக்கும்.

மின் வகையில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் ஏராளமான மின்னோட்டத்தை இழுக்கும்; பேட்டரி தளர்ந்திருந்தால் உதவி வந்து வந்து போவதுபோல ஸ்டீயரிங் துடிக்கும். எஞ்சின் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்ததோடு குறை தீர்ந்த வண்டிகளும் உண்டு. டாஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் படிக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். இங்கே ஊகத்துக்கு விலை மிக அதிகம்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று, ஓட்டுநரின் கால் அருகே கீழே இறங்கும் ஸ்டீயரிங் தண்டிலுள்ள கிராஸ் ஜாயின்ட். மழைநீர் தேங்கிய தெருக்களில் ஓடிய வண்டிகளில் இது துருப்பிடித்து இறுகும். ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது இரண்டு இடங்களில் கனமாகவும், இடையில் இலகுவாகவும் இருந்தால் குறை இதில்தான்.

எஞ்சினே காரணமாக இருப்பதும் உண்டு. ஸ்டீயரிங்கின் சுமை ஏறும்போது ஐடிலிங் வேகம் சரிந்து, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தால் அதன் வழியாக வண்டி முழுவதும் அதிரும். நின்ற இடத்தில் திருப்பும்போது வரும் நடுக்கம், ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்திப் பிடித்தவுடன் நின்றுவிட்டால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, எஞ்சினுக்குச் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியையும் எஞ்சின் மவுண்டையும் பாருங்கள்.

ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு

தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவைக்கு மாற்றிக்கொள்ளும் வண்டிகளில், மலைப்பாதையின் மண்சாலையில் போட்ட இழுவையை எடுக்க மறந்து தார்ச்சாலைக்கு வந்தால், இறுக்கமான திருப்பத்தில் வண்டி தயங்கித் தயங்கி உதறும். முன், பின் சக்கரங்கள் திருப்பத்தில் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்க, இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவைப்பதால் வரும் முறுக்கு அது. பழுது எதுவும் இல்லை. இரு சக்கர இழுவைக்கு மாற்றி, சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் விடுபடும்.

வேலை முடிந்த பிறகு

சோதனைக்குப் பயன்படுத்திய அதே திடலில் அதே வட்டங்களை அதே வேகத்தில் மீண்டும் சுற்றுங்கள். பட்டறை வாசலில் போய்த் திரும்புவது சோதனையாகாது. சக்கரம் கழற்றப்பட்டிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கெட்டுப்போன பால் ஜாயின்ட்டின் தண்டு விரலால் தள்ளினாலே துவளும். கெட்ட பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் மணல் அரைபடுவது போலிருக்கும். கெட்ட சிவி ஜாயின்ட்டின் காடிகளைத் துடைத்துப் பார்த்தால் குண்டுகள் உட்கார்ந்த குழிகள் கண்ணுக்கே தெரியும். பழைய பாகம் விறைப்பாக, சீராக, பழுதின் அடையாளமே இல்லாமல் இருந்து, வண்டியில் நடுக்கமும் மிச்சமிருந்தால், அது நல்ல பாகம். கிளட்சை மிதித்துப் பார்க்கும் அந்த வட்டச் சோதனையிலிருந்து தேடலை மீண்டும் தொடங்க வேண்டும்.